கழிவும் கழியாமையும்: சேய்மைப் படைத்தளங்களின் மலக்கழிவு பற்றிய சொற்கள்

1. 'ஆ' என்னும் பெயரோடு மலத்தைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல் புணர்ந்து 'ஆப்பி' என்றாவதைத் தொல்காப்பியர் உயிர்மயங்கியலில் கூறுகிறார். ஆனால் அவ்வோரெழுத்துச் சொல்லை அவர் தம் நூற்பாவில் எழுதவில்லை. பகரத்தையும் ஈகாரத்தையும் எழுத்தின் பெயரால் சுட்டி, இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும் பொறுப்பைக் கற்போரிடம் விட்டுவிடுகிறார். இது இடக்கரை மறைத்துக் கூறியது என உரையாசிரியர்கள் விளக்குவர். புணர்ச்சி விதியொன்றைச் சொல்லும் இடத்திலும் அச்சொல்லைச் சொல்லக் கூசிய மரபு நம்முடையது.

அவரே எச்சவியலில் இதற்கு இரண்டு விதிகள் வகுத்துள்ளார். அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லவேண்டும் என்பது ஒன்று. நெடுங்காலமாக வழங்கி மருவிவிட்ட சொல்லை மறைக்க வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள் ஆப்பி, யானை இலண்டம், ஆட்டுப்பிழுக்கை என்பன. மூன்றும் விலங்கின் மலம் என்பது நோக்கத்தக்கது. மனித மலத்திற்கு இச்சலுகை கிட்டவில்லை. பெருமாள்முருகன் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் சிறுகதைத் தொகுப்பொன்றுக்குப் 'பீக்கதைகள்' என்று பெயரிட்டபோது படிப்போர் அடைந்த அதிர்ச்சி இந்தப் பழைய வேறுபாடு இன்னும் உயிரோடிருப்பதற்குச் சான்றாகும்.

இக்கட்டுரை ஊர்களினின்று விலகிய படைத்தளங்களில் மனித மலம் என்ன ஆகிறது என்பதையும், அதனைத் தமிழில் எழுதுவோர் கையாளும் சொற்களையும் சேர்த்து நோக்குகிறது. நகரத்தில் மறைத்துச் சொல்லிவிட்டால் போதும். பொருளும் எங்கோ மறைந்துவிடுகிறது. பனியாற்றின் மேல் நிற்கும் காவல்நிலையில் சொல்லை மறைக்கலாம், பொருளை மறைக்க இயலாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் மொழிபெயர்ப்பாளனின் சிக்கல் தொடங்குகிறது.

2. கழிதல்

'கழிவு' என்பது 'கழி' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். கழிதல் என்பதற்குக் கடந்துபோதல், நீங்குதல், செலவாதல், மிகுதல் என்னும் பொருள்கள் உண்டு. நாள் கழிகிறது, கணக்கில் ஓர் எண் கழிகிறது, வயிறு கழிகிறது. எங்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே: இருந்தது இப்போது இங்கில்லை. ஆகவே கழிவு, கழிப்பறை, கழிவுநீர் என்னும் சொற்கள் அனைத்தும் 'போய்விடுவது' என்னும் எடுகோளின்மேல் கட்டப்பட்டவை.

படையின் மலம் பற்றிய மிகப் பழைய எழுத்துவிதிகளுள் ஒன்று விவிலியத்தின் உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. போருக்குப் புறப்பட்ட பாளயத்திற்குப் புறம்பே ஓரிடம் ஒதுக்கப்படவேண்டும். ஒவ்வொருவனும் தன் படைக்கலத்தோடு குழிதோண்டும் கோல் ஒன்றும் வைத்திருக்கவேண்டும். இருந்தபின் மண்ணால் மூடவேண்டும் என்பது அதன் கருத்து. பரவலாக வழங்கும் தமிழ் விவிலியத்தில் இவ்விடத்தை மொழிபெயர்த்தவர் செயலுக்கு 'மலஜலாதி' என்னும் வடமொழித் தொடரையும், பொருளுக்குக் 'கழிந்துபோனது' என்னும் வினையாலணையும் பெயரையும் ஆண்டுள்ளார். வடசொல்லால் ஒரு மறைப்பு, வினையால் ஒரு மறைப்பு. ஆயினும் அங்கே தோண்டுபவன் யார், மூடுபவன் யார் என்பதில் ஐயமில்லை. எவன் இருந்தானோ அவனே மூடவேண்டும். முன்னிலை ஒருமையில் அமைந்த ஏவல் அது. இந்த எளிய இலக்கணக் கூறு பின்னர்வந்த படைக் கையேடுகளில் காணாமற்போயிற்று.

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் சமூக நலவியல் நூல்கள் முகாம்களுக்கு உரிய கழிப்பிடங்களைச் செயப்பாட்டுவினையில் விவரிக்கின்றன. ஆழமற்ற பள்ளம் 30 சென்டிமீட்டர் அகலமும் 90 முதல் 150 சென்டிமீட்டர் வரை ஆழமும் உடையதாக வெட்டப்படும். நூறு பேருக்கு மூன்று அல்லது மூன்றரை மீட்டர் நீளம் போதும். வெட்டிய மண் ஓரத்தில் குவிக்கப்படும். பள்ளம் தரைமட்டத்திற்கு 30 சென்டிமீட்டர் கீழே நிரம்பியதும் மண்ணிட்டு மூடப்பட்டு வேறிடத்தில் புதியது வெட்டப்படும். சில வாரம் முதல் சில மாதம் வரை தங்கும் முகாமுக்கு 1.8 முதல் 2.5 மீட்டர் வரை ஆழமுள்ள பள்ளம் வேண்டும். இவ்வளவும் மண் உள்ள இடத்திற்குப் பொருந்தும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மலத்தை மட்கச் செய்துவிடுவதால், 'கழிவு' என்னும் சொல் அங்கே பொய்யாவதில்லை.

இங்கு ஒரு சிறு குறிப்பு. இவ்வகைக் கழிப்பிடத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'டிரெஞ்சு' என்னும் சொல்லை 'அகழி' என்று பெயர்ப்போர் உளர். அகழி என்றதும் தமிழ் படிப்போனுக்குக் கோட்டையும் முதலையும் நினைவிற்கு வரும். போர்க்களத்தில் வீரர் பதுங்கும் 'டிரெஞ்சும்' அதே சொல்லாதலால் ஒரே கையேட்டில் இரண்டும் வந்தால் விளைவு நகைப்பிற்குரியதாகும். 'பள்ளம்' என்பதே போதும்.

3. தண்டு

பெங்களூருவில் ஆங்கிலேயர் படைக்குடியிருப்பு 1809இல் நிறுவப்பட்டது. சென்னை மாகாணப் படையைச் சார்ந்து வந்த தமிழர் அங்கே பெருந்தொகையினராகக் குடியேறினர். கன்னட மக்கள் அப்பகுதியைத் 'தண்டு' என்றனர். பழந்தமிழிலும் படையைக் குறித்த சொல் இது. சிவாஜிநகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அது இன்றும் வாழ்கிறது.

தண்டுப் பகுதியின் பழைய குடியிருப்புகளில் வீட்டு வரிசைகளுக்குப் பின்புறமாக ஒடுங்கிய சந்துகள் ஓடுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றிற்குக் 'கன்சர்வன்சி லேன்' என்று பெயர். வீட்டின் பின்சுவரில் திறப்பு வைத்து, வீட்டாரின் கண்ணிற் படாமல் மலத்தை எடுத்துச் செல்வதற்காக அமைந்த வழி அது. அண்மைக் காலத்தில் இவற்றுட் சிலவற்றைத் திருத்திச் சுவரோவியம் தீட்டி நடைபாதைகளாக்கியுள்ளனர். நடப்போருள் பெரும்பாலோர் பெயரின் பொருளை வினவுவதில்லை.

'கன்சர்வன்சி' என்னும் சொல் இலத்தீன் மொழியில் 'காத்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஆற்றையும் துறைமுகத்தையும் காக்கும் அமைப்பை அது குறித்தது. தேம்சு ஆற்றுக்கு 1857இல் அத்தகைய அமைப்பு ஒன்று ஏற்பட்டது. இந்தியாவிற்கு வந்தபின், குறிப்பாக நகராட்சி, படை ஆவணங்களில், மலமும் குப்பையும் அகற்றும் பணிக்கு அதுவே பெயராயிற்று. காத்தல் என்னும் சொல் அகற்றலைக் குறிக்கலாயிற்று. தமிழில் அதற்கு நேராக வழங்கிய 'துப்புரவு' என்பதன் வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. திருக்குறளில் துப்புரவு என்பது நுகர்பொருள், துய்த்தற்குரியது. இன்றைய தமிழில் அது துய்த்தபின் எஞ்சியதை நீக்கும் பணி. ஒரு சொல் உணவின் தட்டிலிருந்து குப்பைக்கூடைக்கு இடம்பெயர்ந்த இம்மாற்றம் சொற்பொருளியல் மாணவர் ஆய்வதற்குரியது.

'நைட் சாயில்' என்பது இன்னொரு படைத்துறை, நகராட்சிச் சொல். 'இரவு மண்' என்று பெயர்த்தால் தமிழில் பொருளே பிறவாது. இரவில் எடுத்துச் சென்றதால் இரவு, வயலுக்கு எருவானதால் மண். ஆங்கிலம் நேரத்தையும் முடிவையும் சொல்லி நடுவிலுள்ள பொருளையும் ஆளையும் விட்டுவிட்டது. தமிழ்ப் பேச்சுவழக்கு இங்கே வேறு வழி சென்றது. 'எடுப்புக் கக்கூஸ்' என்பதில் பொருளின் பெயர் இல்லையெனினும் செயல் இருக்கிறது. யாரோ ஒருவர் எடுக்கவேண்டும் என்பது சொல்லிலேயே புலனாகிறது. 'கக்கூஸ்' டச்சு மொழியிலிருந்து வந்தது; அம்மொழியில் அது சிறிதும் மறைப்பில்லாத சொல். கடல்கடந்து வந்தபின் பொருள் விளங்காத ஒலியாகித் தமிழில் ஓரளவு நாகரிகச் சொல்லாயிற்று. பின்னர் அதுவும் இழிவழக்காகக் கருதப்பட்டுக் 'கழிப்பறை' வந்தது. இலங்கைத் தமிழர் 'மலசலகூடம்' என்று பொருளை நேரே சொல்லிவிடுகின்றனர். ஆயினும் வடசொல்லால் சொல்வதால் அது இடக்கராகத் தோன்றுவதில்லை.

4. ஆளின் பெயர்

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். இதுவரை கண்டது இடக்கரடக்கல். பொருளின் பெயரை மறைப்பது. பொருளைக் கையால் தொடும் மனிதரின் பெயரில் இயங்குவது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பது போல, இழிவாகக் கருதப்பட்ட தொழிலுக்கு உயர்ந்த பெயரிடுதல்.

வடநாட்டுப் படைமுகாம்களில் மலம் எடுத்தவருக்கு வழங்கிய பெயர்களைப் பார்த்தால் இது விளங்கும். 'மேத்தர்' என்பது பாரசீகத்தில் பெரியவர், தலைவர் என்று பொருள்படும். 'அலால்கோர்' என்றால் அறவழியில் வந்ததை உண்பவர். 'ஜமேதார்' படையின் ஓர் அதிகாரப் பதவி. துப்புரவாளரையும் அப்பெயரால் அழைத்தனர். படையில் அப்பதவியின் பெயர் 1965ஆம் ஆண்டளவில் நாயப் சுபேதார் என மாற்றப்பட்டது. முல்க்ராஜ் ஆனந்தின் 1935ஆம் ஆண்டு நாவலில் படைக்குடியிருப்பின் கழிப்பிடங்களைத் துடைக்கும் இளைஞனின் தந்தை துப்புரவாளர்களின் ஜமேதார். உயர்ந்த பெயர் எவரையும் உயர்த்தவில்லை. தாழ்ந்த தொழிலில் நெடுநாள் கிடந்த பெயரே தாழ்ந்தது. தமிழில் தோட்டி என்பது துப்புரவுப் பணியாளர் ஆகி, தமிழ்நாட்டில் 2020இல் தூய்மைப் பணியாளர் ஆயிற்று. (தகழியின் நாவலைத் தமிழாக்கிய சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்றே பெயரிட்டார். 1950களில் செய்த அம்மொழிபெயர்ப்பு 2000இல் நூலாக வெளிவந்தபோதும் அப்பெயர் மாறவில்லை. நாவலின் உயிர் அச்சொல்லில் உள்ளது என்பது என் கருத்து.)

படையில் இம்மக்கள் போர்வீரராகக் கணக்கிடப்படவில்லை. தொடக்கத்தில் 'பின்செல்வோர்' என்றும், பின்னர் 'போரிடாத பதிவுபெற்றோர்' என்றும் வகைப்படுத்தப்பட்டனர். 'சபாயிவாலா' என்பது நெடுங்காலம் பணிப்பெயராக இருந்தது. இன்றைய ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் 'அவுஸ் கீப்பர்' என்று காண்கிறோம். முதல் உலகப்போரில் இங்கிலாந்தின் பிராக்கன்அர்சுட்டு என்னும் ஊரில் காயமுற்ற இந்திய வீரருக்கான மருத்துவமனையில் பணியாற்றிய துப்புரவாளர் சுக்கா 1915 சனவரியில் இறந்தார். அவ்வூர்த் தேவாலயத்தார் தம் கல்லறைத் தோட்டத்தில் இடமளித்து, ஊரார் செலவில் கல்லும் நாட்டினர். கல்வெட்டு அவருடைய ஊர், அவர் நாடுவிட்டு வந்தது, எளிய பணியாளாகத் தொண்டாற்றியது ஆகியவற்றைச் சொல்கிறது. என்ன பணி என்று சொல்லவில்லை. மதிப்பு மிகுந்த மறைப்பு அது. மறைப்பு என்பதிலும் ஐயமில்லை.

தொழிலைக் குறிக்கும் வினையிலும் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் 'மேனுவல் ஸ்கேவஞ்சிங்' என்பதில் மலம் என்னும் பொருளே இல்லை. இந்தியில் 'மைலா டோனா', அழுக்கைச் சுமத்தல். கன்னடத்தில் 'மல ஹொருவ பத்ததி', மலம் சுமக்கும் முறை. தமிழில் 'கையால் மலம் அள்ளுதல்'. கன்னடமும் இந்தியும் தலைமேலுள்ள சுமையைப் பார்க்கின்றன. தமிழ் கையைப் பார்க்கிறது. கருநாடகத்தில் 1970களின் தொடக்கத்தில் அமைச்சர் பசவலிங்கப்பா இவ்வழக்கத்திற்குத் தடை விதித்தபோது முதற்கண் எதிர்த்தது தலைச்சுமையை. (அவரே 1973இல் கன்னட இலக்கியத்திற் பெரும்பகுதி 'பூசா', அதாவது மாட்டுத்தீவனம், என்று கூறியதால் எழுந்த கிளர்ச்சியில் பதவியை இழந்தார். ஒரு சொல்லின் விலை அவ்வளவு.) தலையிலிருந்து இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தால் சுமத்தல் நின்றுவிடும், அள்ளுதல் நிற்காது. சட்டத்தை மொழிபெயர்ப்போர் இதனைக் கருதவேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் விரிவானது. கையால் துப்புரவு செய்தல், சுமத்தல், அகற்றல், வேறு எவ்வகையிலும் கையாளுதல் எனப் பல வினைகளை அடுக்கி, எந்த வினையின் இடுக்கிலும் எவரும் தப்பாதபடி அது வரையறுக்கிறது. அதன் உள்ளாட்சி என்னும் வரையறைக்குள் கன்டோன்மென்ட் வாரியமும் இரயில்வே நிருவாகமும் அடங்கும். எனினும் உரிய கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்டு செய்பவரை அச்சட்டம் அவ்வகையினராகக் கருதுவதில்லை. 'கையால்' என்னும் தமிழ் மூன்றாம் வேற்றுமைச் சொல் இந்த விதிவிலக்கைத் தாங்குமா என்பது ஆராயத்தக்கது. கையுறை அணிந்த கையும் கைதானே.

5. பனியாறு

சியாச்சின் பனியாறு ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளமுடையது. பால்டி மொழியில் அப்பெயருக்குக் காட்டு ரோசா மலிந்த இடம் என்று பொருள் கூறுவர். 1984 ஏப்பிரல் 13ஆம் நாள் தொடங்கிய மேகதூது நடவடிக்கைக்குப் பின் அங்கே படைவீரர் ஆண்டு முழுதும் தங்கிவருகின்றனர். குளிர் சுழிக்குக் கீழே 50 பாகை வரை செல்லும். 2016 பிப்பிரவரியில் பனிச்சரிவில் மாண்ட பத்து வீரர் 19ஆம் மதராசு பட்டாளத்தைச் சேர்ந்தவர். கருநாடகத்தின் அனுமந்தப்பா கொப்பத் ஆறு நாள் பனியில் புதைந்திருந்து உயிரோடு மீட்கப்பட்டுப் பின் இறந்தார். தமிழ் பேசுவோருக்கு அவ்விடம் எட்டாத தொலைவன்று.

அங்கே பள்ளம் வெட்ட மண் இல்லை. வெட்டினாலும் மட்கச் செய்ய நுண்ணுயிர் செயற்படாது. குளிரில் நுண்ணுயிரின் இயக்கம் மெலிந்து, உறைநிலையில் ஓய்ந்துவிடும். ஆகவே மலம் இட்டவாறே இருக்கும். நெடுங்காலம் அதனைப் பனிப்பிளவுகளில் தள்ளிவந்தனர். பனியாறோ நிற்பதன்று, மெல்ல நகர்வது. அதன் முகத்தில் உருகும் நீர் நுப்ரா ஆறாகி, சியோக்கில் கலந்து, சிந்துவிற் சேர்கிறது. பிளவில் இட்டது கழியவில்லை, புறப்பட்டுவிட்டது, அவ்வளவே. தமிழில் இதற்குக் 'கழிவு' என்று எழுதும்போது மொழிபெயர்ப்பாளன் தன்னையறியாமல் உண்மையல்லாத ஒன்றைச் சொல்கிறான்.

இது இந்தியாவின் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்கப் படை 1959 முதல் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் உள்ளே சுரங்கங்கள் குடைந்து 'கேம்ப் செஞ்சுரி' என்னும் தளத்தை அமைத்தது. அங்குள்ளோரின் மலநீர் பனியிலேயே குழிகளில் விடப்பட்டது. 1967இல் தளம் கைவிடப்பட்டபோது, மேலே விழும் பனி அனைத்தையும் என்றென்றும் மூடிவிடும் எனக் கருதினர். வில்லியம் கோல்கன் முதலானோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமடைவதால் அப்பனி உருகி உள்ளிருப்பவை வெளிப்படக்கூடும் என எச்சரித்தது. மூடினால் முடிந்தது என்னும் உபாகமக் கருத்து மண்ணுக்கு மெய், பனிக்குப் பொய்.

இந்தியப் படை 2018இல் சியாச்சினைத் தூய்மைப்படுத்தும் பணியைத் தொடங்கி, 2019ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குள் ஏறத்தாழ 130 டன் பல்வகைக் கழிவைக் கீழே கொணர்ந்ததாக அறிவித்தது. 'கீழே கொணர்தல்' என்பது இத்துறையின் மிக நேர்மையான வினை. எவரெசுட்டுப் பகுதியின் உள்ளாட்சி 2024இல் மலையேறுவோர் தம் மலத்தைப் பையிலிட்டுத் திரும்பக் கொணரவேண்டும் என விதித்ததும் அவ்வினையையே. இருந்தவனே சுமக்கிறான். உபாகமத்தின் முன்னிலை ஏவல் மீண்டும் வந்துவிட்டது.

6. செரித்தல்

கீழே கொணர முடியாததை அங்கேயே மாற்றிவிடுவது மற்றொரு வழி. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் குவாலியர், தேசுபூர் ஆய்வகங்கள் இதற்காக 'பயோ டைஜஸ்டர்' என்னும் அமைப்பை உருவாக்கின. ஊருக்குப் பழக்கமான சாண எரிவாயுக் கலனின் கொள்கைதான்: காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் மலத்தைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. பெரிய மூலக்கூறுகள் முதலில் நீரோடு வினைபுரிந்து உடைகின்றன, அவை கொழுப்பமிலங்களாகின்றன, பின் அசெட்டிக் அமிலமாகின்றன, இறுதியில் மீத்தேனும் கரியமில வாயுவும் பிறக்க, நீர் எஞ்சுகிறது. மலைநாட்டுக் குளிர்காலத்தில் சாதாரண சாண எரிவாயுக் கலன் ஏறக்குறைய நின்றுபோவது யாவரும் அறிந்தது. அதனால் ஆய்வாளர்கள் அண்டார்க்டிகா உள்ளிட்ட குளிர்ப்பகுதிகளிலிருந்து தாழ்வெப்பத்திலும் செயற்படும் நுண்ணுயிர்களைத் தேடித் திரட்டினர். தொட்டிக்குள் அவை பற்றிக்கொள்ள இழைவலை அமைத்தனர். வெளிவரும் நீர் நாணற்படுகையின் வழியே செலுத்தப்படுகிறது. உறைந்துபோன தொட்டியில் எந்நுண்ணுயிரும் வேலை செய்யாது. ஆகவே பனிப்பகுதியில் தொட்டியைக் குளிரினின்று காத்தல் தனிப்பணி.

இவ்வமைப்பைத் தமிழில் எழுதப் புகுந்தால் பெயரிலேயே இரு வழிகள் உள்ளன. 'உயிரிக் கழிப்பறை' என்பது செய்தித்தாள் வழக்கு. எந்தக் கழிப்பறைக்கு உயிரில்லை என்னும் கேள்வி எழுவது ஒருபுறமிருக்க, அங்கே முதன்மையானது அறையன்று, அடியிலுள்ள தொட்டி. 'உயிரிச் செரிப்பான்' என்பது மூலத்திற்கு நெருக்கமானது. செரித்தல் தமிழில் நல்ல வினை. உடல் தானே செய்வது, பிறர் கையை வேண்டாதது. வயிறு செரித்துக் கழித்ததைத் தொட்டி மீண்டும் செரிக்கிறது. இச்சொல்லில் உருவகமும் தொழில்நுட்ப உண்மையும் பொருந்தியிருப்பதால் அதனையே ஏற்கலாம்.

கடினமானது தொட்டியில் முதலில் இடும் நுண்ணுயிர்த் திரளின் பெயர். ஆங்கிலச் சொல் 'இனாகுலம்'. மருத்துவக் கலைச்சொற்களைப் பின்பற்றித் 'தடுப்பூசிப் பொருள்', 'உட்செலுத்தம்' என்றெல்லாம் எழுதினால் படிப்போன் ஊசியைத் தேடுவான். அடுக்களையில் நாள்தோறும் இதே செயல் நடக்கிறது. பாலில் சிறிது மோரைவிட்டு, அதிலுள்ள நுண்ணுயிரால் முழுவதையும் தயிராக்குகிறோம். அம்மோர் 'உறை', செயல் 'உறை ஊற்றுதல்'. தொட்டியில் நிகழ்வதும் அதுவே. 'நுண்ணுயிர் உறை' என எழுதலாம். உறை குளிரில் எளிதில் தோயாது என்பதும், உறை கெட்டால் பால் கெடும் என்பதும் எந்த இல்லத்தார்க்கும் விளக்கவேண்டாதன. கிருமிநாசினியை ஊற்றிக் கழுவினால் தொட்டி ஏன் செயலிழக்கும் என்பதை இவ்வொரு சொல் விளக்கிவிடும். மலத்தையும் தயிரையும் ஒரு சொல்லால் இணைப்பதா என்று முகம் சுளிப்போர் இருப்பர். சொல்லின் பயனையும் சுளிப்பையும் நிறுத்துப் பார்த்தால் பயன் மிகுதி என்பதே என் துணிபு. பனிப்பகுதியில் 'உறை' என்பது உறைபனியையும் குறிக்குமே என்னும் தடை அதனினும் வலியது. 'நுண்ணுயிர்' என்னும் அடைமொழியை எங்கும் விடாது எழுதுவதே அதற்கு வழி.

ஏனைய சொற்கள் எளியவை. குளிரில் வாழ்வனவற்றைக் 'குளிர்நாடி' எனலாம்; 'காற்றில்லா' என்னும் அடையை வேதியியலார் ஒப்பாவிடினும் தொழிலாளி ஒப்புவான்.

7. யார்

இவ்வமைப்பு 2011 முதல் இரயில் பெட்டிகளுக்கும் வந்தது. தண்டவாளத்தில் நேரே விழுவதை நிறுத்தியது பெரும் பயன். தண்டவாளத்தில் மலம் அள்ளும் கொடுமைக்கு அதுவே மாற்று எனக் கூறப்பட்டது. நடைமுறையில் புட்டி, துணி முதலியன அடைத்துக்கொண்டன. 2017ஆம் ஆண்டின் கணக்குத் தணிக்கையர் அறிக்கை அடைப்பைப் பெருங்குறையாகச் சுட்டியது. வெளிவரும் நீரின் தரம் பற்றிச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளரும் அவ்வாண்டளவில் ஐயம் எழுப்பினர். தொட்டி செரிக்காதபோது, அதனைத் திறந்து அடைப்பெடுப்பவர் ஒருவர் வேண்டும். 'செரிப்பான்' என்னும் பெயர் அவரை மறைத்துவிடுகிறது. சொல்லை நான் மேலே பரிந்துரைத்ததனால் இக்குறையையும் சொல்லியாகவேண்டும்.

இங்கே 'மேலாண்மை' என்னும் சொல்லுக்கு வருவோம். மனிதக் கழிவு மேலாண்மை என்னும் தொடரில் மனிதன் அடையாக நிற்கிறான். கழிவு பொருளாக நிற்கிறது. மேலாண்மை செய்பவர் யாரென்பது எழுவாயற்று நிற்கிறது. இத்தொடரைத் தலைப்பாகக் கொண்ட கையேடொன்றில் பின்வருமாறு ஒரு வாக்கியம் அமையலாம்: 'சேகரிக்கப்பட்ட மனிதக் கழிவு உரிய இடைவெளியில் பாதுகாப்பான முறையில் அப்புறப்படுத்தப்படும்.' இலக்கணப் பிழை இல்லை. மூலத்திற்கும் இணையானது. ஆனால் மூலத்தை எழுதியவன் செயப்பாட்டுவினையில் மறைத்ததைத் தமிழன் இருமுறை மறைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை அன்றாட வழக்கு. தமிழில் 'படு' துணைவினை அலுவலக மொழிக்கே உரியதாதலால் அதன் மறைப்பு அடர்த்தி மிக்கது.

அவ்வாக்கியத்தைத் தமிழாக்குமுன் மொழிபெயர்ப்பாளன் மூலத்தை அனுப்பியவரிடம் இரண்டு கேட்கவேண்டும். அப்புறம் என்றால் எந்தப் புறம்? செய்பவர் யார்? விடை கிடைத்தால் வாக்கியம் இவ்வாறு மாறும்: 'நிலையிலுள்ள வீரர் முறைவைத்து, நிரம்பிய கலத்தை மூடி, அடிமுகாமுக்கு இறக்கவேண்டும், அங்குள்ள பணியாளர் கையுறையும் காலணியும் அணிந்து அதனைத் தொட்டியில் கொட்டுவர்.' நீளம் கூடிவிட்டது. மூடுதல், இறக்குதல், அணிதல், கொட்டுதல் என நான்கு வினைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுவாய் உண்டு. விடை கிடைக்காவிட்டால், அதாவது மூலத்தை எழுதியவருக்கே யார் செய்வார் என்பது தெரியாவிட்டால், அவ்விடத்தில் 'அப்புறப்படுத்தப்படும்' என்று எழுதிக் கடந்துவிடாமல், ஓரத்தில் கேள்விக்குறியிட்டு அனுப்புவதே செய்யத்தக்கது. அக்கேள்விக்குறி திரும்பி வர நாளாகலாம். அதற்குள் அச்சகம் அவசரப்படுத்தும்.